நினைவிழந்த லெத்வே வீரரை மீண்டும் மோதவிடும் விதியை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லெத்வே வீரர் ஒருவரின் தாய்மாமன்,
தட்டோன், மோன் மாநிலம், மியான்மர்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
விளையாட்டு, உடற்கல்வித் துறை,
மோன் மாநிலம்.

பொருள்: லெத்வே (மியான்மரின் வெறுங்கைக் குத்துச்சண்டை) போட்டியில் நினைவிழந்து விழுந்தவருக்கு இரண்டு நிமிட ஓய்வு கொடுத்து மீண்டும் மோதவிடும் விதியை நீக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவின் பர்மிய மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன்.

சென்ற பகோடா திருவிழாவில் என் அக்காள் மகன், மடித்த கையைத் தட்டிச் சவால் விட்டு மேடை ஏறினான். மூன்றாம் சுற்றில் எதிராளியின் நெற்றி அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. விழுந்தவனின் கண்கள் திறந்தே இருந்தன, பார்வை இல்லை. உடன் வந்தவர்கள் இரண்டு நிமிட ஓய்வு கேட்டார்கள். தண்ணீர் ஊற்றிக் காதைத் தேய்த்தார்கள். "முடியுமா?" என்றதற்குத் தலையசைத்தான். மறுபடியும் மோதவிட்டார்கள். நானும் மேடையருகே நின்று கைதட்டினேன், ஐயா. அன்றிரவு சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, "மாமா, போட்டி எத்தனை மணிக்கு?" என்று மூன்று முறை கேட்டான்.

அந்தத் தலையசைப்பைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். தலைவலியையும் மயக்கத்தையும் மறைக்காமல் சொல்வது வீரனின் பொறுப்பு. இப்போது அவனிடம் கண்டித்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நினைவு தப்பியவனிடம் முடிவைக் கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? அந்த நேரத்துப் பொறுப்பு நடுவருக்கும் பயிற்சியாளருக்கும் எங்களுக்கும் உரியது.

மூளை குலுங்கியது எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் அடி ஆறுமுன் அடுத்தது விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். 2011-இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆடிய 14 வயது மாணவன் அப்படித்தான் இறந்தான். இன்று ரக்பியில் சந்தேகம் எழுந்தாலே சிறுவரை வெளியேற்றுகிறார்கள். அன்று திரும்ப விடுவதில்லை. குத்துச்சண்டைக்காரர்களின் நடைத் தடுமாற்றத்தையும் மந்தத்தையும் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார்.

வெறுங்கையும் தலைமோதலும் லெத்வேயின் மரபு. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. 1952 ஒலிம்பிக் குத்துச்சண்டையில் மோதிய சா பா நியெய்ன் இந்த விளையாட்டுக்கு நவீன விதிகள் வகுத்தவர்தானே? விதியை மாற்றுவது புதிதல்ல. ஆகவே, நினைவு தப்பியவரின் போட்டியை அங்கேயே முடிக்கவும், மருத்துவர் எழுதித் தரும்வரை, குறைந்தது 30 நாள், மேடையேற்றாதிருக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். திருவிழா மேடைகளில் போட்டியை நிறுத்தும் அதிகாரத்துடன் ஒரு சுகாதாரப் பணியாளராவது இருக்க வேண்டும்.

பர்மிய தபாங் மாதப் பௌர்ணமித் திருவிழாவுக்கு அவனை மறுபடியும் அழைத்திருக்கிறார்கள். அதற்குள் ஆணை பிறப்பிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)