கேத்தே கோல்விட்ஸ் எதையும் விட்டு விலகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் ஜெர்மானிய அச்சோவியர் கேத்தே கோல்விட்ஸ் பற்றி வந்த கட்டுரையில், 'மகனைப் பறிகொடுத்த பின் சமூகப் போராட்டங்களை விட்டு விலகித் தாய்ப்பாசத்தில் ஆறுதல் தேடினார்' என்று ஒரு வரி. விஷயம் தெரிந்த உங்கள் கண்ணைத் தாண்டி அது எப்படி அச்சேறியது என்பதுதான் என் வருத்தம்.

1914இல் இளைய மகன் பீட்டர் போருக்குப் போகத் துடித்தான். பெர்லினில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்த அப்பா மறுத்தார். அவரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பிள்ளை செத்துப்போனான். 1923இல் வெளியான 'போர்' வரிசையின் ஏழு மரச்செதுக்கு அச்சுகளும் அந்த வேதனையில் பிறந்தவை. 'தன்னார்வலர்கள்' படத்தில் மரணத்தின் பக்கத்தில் நிற்பவன் பீட்டர். 'தாய்மார்கள்' படத்தில் பெண்கள் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு ஒரே கறுப்புத் திரளாக நிற்கிறார்கள். நடுவே பிள்ளை முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. மரப்பலகையில் செதுக்கி எடுத்த இடம்தான் தாளில் வெள்ளையாக விழும். அந்த அம்மையார் எவ்வளவு குறைவாகச் செதுக்கியிருக்கிறார் என்பதை என் மாணவர்களுக்கு லினோலியத் தகட்டில் செதுக்கும் லினோ அச்சு சொல்லித்தரும்போதெல்லாம் காட்டுகிறேன். 1933இல் நாஜிகள் அவரைப் பிரஷ்யக் கலை அகாடமியிலிருந்து வெளியேற்றியது தாய்ப்பாசத்துக்காகவா?

இது முதல் தடவையும் இல்லை. தோட்டப் பெண்களின் சம்பளம் பற்றி முன்பு நான் எழுதியதை மகளிர் பக்கத்தில், சமையல் குறிப்புக்குக் கீழே பாதியாகக் குறைத்துப் போட்டீர்கள். அன்னையர் தினம் வந்தால் மட்டும் எங்கள் தாய்மார்கள் உங்களுக்குத் தியாகச் சுடர்கள்.

என் அம்மா தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியுமுன் எங்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடுவார். தம்பிக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் தாமதமாகப் போனதற்கு அன்றைய பேரை வெட்டிக் கூலியில்லாமல் செய்துவிட்டார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆபீஸ் வாசலில் நின்று நியாயம் கேட்டார். "அதெல்லாம் உன் வீட்டு விஷயம்மா" என்றார் தோட்டத்துக் கணக்கரான கிராணி. உங்கள் கட்டுரையும் அதையேதான் சொல்கிறது, ஐயா. அம்மா கேட்டது பிள்ளைக்காகவா, கூலிக்காகவா என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியாது.

கட்டுரையோடு வந்த 'தாய்மார்கள்' படம் தபால்தலை அளவில் இருந்தது. அடியில் பெயரும் இல்லை. அடுத்த ஞாயிறு அதைக் கொஞ்சம் பெரிதாக, படத்தின் பெயரும் கலைஞரின் பெயரும் போட்டு வெளியிடுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு