விலாவில் மூன்று புள்ளி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் என் ஸ்கேன் முடிவை நீ கேட்டபோது அம்மா பக்கத்திலேயே நின்றாள். அதனால்தான் "எல்லாம் சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை எழுதித் தருகிறேன், தங்கச்சி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

மூத்திரப்பைக்குக் கீழே உள்ள புரஸ்டேட் சுரப்பியில் இருக்கிற புற்று எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த எலும்பு ஸ்கேன். விடியமுன் ஹட்டனில் பஸ் ஏறி, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைக்குப் போனோம். டெக்னீசியம் என்ற கதிர்வீசும் பொருள் கலந்த ஊசியைக் கையில் போட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு 3 மணித்தியாலம் இருக்கச் சொன்னார்கள். பிறகு அசையாமல் படுக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த மருந்தின் கதிர் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையுமாம். அன்றைக்குப் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது என்றதால் பேத்தியை மடியில் ஏற்றவில்லை. இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திரிகிறாள்.

படத்தைப் பார்த்து முதலில் பயந்தது அடிவயிற்றுக் கறுப்பைக் கண்டுதான். அது மூத்திரப்பையாம்! மருந்து அந்த வழியாகத்தான் வெளியே போகுமாம்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய இடத்தில் துளிர் விடுகிற மாதிரி, எலும்பு எங்கே தன்னைப் புதுப்பிக்கிறதோ அங்கே அந்த மருந்து கூடச் சேரும். தேய்ந்த மூட்டு, உடைந்து கூடுகிற எலும்பு, புற்று புகுந்த எலும்பு எல்லாமே படத்தில் கறுப்புத்தான். என் முழங்கால் இரண்டும் கறுப்பு. மலை ஏறி இறங்கின காலுக்கு அது பெரிய அதிசயமில்லை. இடது விலாவில் மூன்று புள்ளி, ஒன்றின்கீழ் ஒன்றாக. இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒன்று.

"விழுந்தீங்களா?" என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். வாசல்வரை வந்தபின் மனம் கேட்கவில்லை, திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். மழைக்கு முன் லயத்துக் கூரையில் தகரம் சரிசெய்ய ஏறி வழுக்கி விழுந்தேன் மகள். சொன்னால் சம்பளத்தை அப்படியே அனுப்பிவிடுவாய் என்று உனக்கு மறைத்தோம். மறைத்து மறைத்து டொக்டரிடமும் அதே வாய் வந்துவிட்டது.

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. விழுந்த அடி பக்கத்துப் பக்கத்து விலாக்களில் இப்படி வரிசையாக விழுமாம், புற்று பெரும்பாலும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்குமாம். ஆனாலும் விலாவுக்கு எக்ஸ்ரே எழுதியிருக்கிறார்.

முதுகுப் புள்ளிதான் தெரியாதது. தேய்மானமாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். வருகிற செவ்வாய் சி.டி. ஸ்கேன். அதில் பிடிபடாவிட்டால் எலும்பின் உள்மச்சையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. புரஸ்டேட்டுக்குப் பார்க்கிற பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையும் இன்னொரு இரத்தச் சோதனையும் மறுபடி எடுக்கிறார்கள். படங்களிலும் முடிவு வராவிட்டால்தான் ஊசியால் எலும்பில் துளி எடுத்துப் பார்ப்பது.

லீவு கேட்காதே. சி.டி. ரிப்போர்ட் வந்த அன்றே சொல்கிறேன், இந்த முறை ஒளிக்கமாட்டேன். முதுகு விஷயத்தை அம்மாவிடம் நானே சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே.

கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது. ஏறியது நானில்லை.

அப்பா