பாதித் தீவு

நி-ஓலசுண்ட், ஸ்வால்பார்ட் (நார்வேயின் வடதுருவத் தீவுகள்),
ஜூலை 19

அன்புள்ள சேகர்,

திட்டாதே. எட்டு மாதமாக எழுதாதது தப்புதான். இந்த ஊரில் ரேடியோ தொலைநோக்கி இருப்பதால் வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் தடை. ஆனால் தபால் நிலையம் இருக்கிறதே என்று மாலதி கேட்பாள்; பதில் இல்லை. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் தீபகற்பத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நீலம் தீட்டி, கோடாலி சாரிடம் அடி வாங்கினாயே, நீ செய்தது சரி!

ஊர்க்கரையில் நின்றால் ஃபியோர்டுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்த கடலுக்கு, அப்பால் புளோம்ஸ்ட்ராண்ட்ஹால்வோயா தெரிகிறது. 'ஹால்வோய்' என்றால் நார்வே மொழியில் பாதித் தீவு, அதாவது தீபகற்பம். அதன் வடபுறத்தைப் பெருநிலத்தோடு ஒட்டிவைத்திருந்தது மண்ணே இல்லை, ஒரு பனியாறு. அது பின்வாங்கிப் பின்வாங்கி 1990களின் தொடக்கத்தில் பிடியை விட்டது. கடல் உள்ளே புகுந்தது. இன்று அது முழுத் தீவு. பெயர் மட்டும் பாதியிலேயே நிற்கிறது. நீ கையை நீட்டி நின்றது 1991, கணக்குப் போட்டுக்கொள்.

அதே தீவில் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் 1911இல் பளிங்கு வெட்டக் கிளம்பினார். உறைந்தும் உருகியும் விரிசல் விட்ட கல், விலை போகவில்லை. இயந்திரங்கள் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. முருகேசனின் கிரானைட் வியாபாரம் நினைவுக்கு வந்தது. அவனிடம் சொல்லாதே.

முந்தாநாள் அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடல் புகுந்த ஜலசந்திக்குப் படகில் போனோம். என்ஜினை அணைத்ததும் சுற்றிலும் படபடவென்று சத்தம். மிதக்கும் பனிக்கட்டிகளுக்குள் அடைபட்டிருந்த பழைய காற்று, உருக உருக வெடித்துக் கிளம்புகிறது. சாட்சாத் கடுகு தாளிக்கும் சத்தம்! ஒரு துண்டை அள்ளிக் காதருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சேகர், பல ஃபியோர்டுகளின் வாயில் கடலடி மேடு ஒன்று வாசற்படிபோல் நின்று வெளிக்கடலை ஓரளவு மறிக்கும். எங்கள் ஊர் ஃபியோர்டான கோங்ஸ்ஃபியோர்டனுக்கு அந்தப் படி இல்லை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் கேட்பாரின்றி உள்ளே வருகிறது. 2006 குளிர்காலத்திலிருந்து இங்கே கடல் முன்போல் உறைவதில்லை. பகலெல்லாம் கருவியை இறக்கி அந்த நீரின் வெப்பத்தைத்தான் குறிக்கிறேன். இரவில் தூக்கம் வராததற்கு அணையாத சூரியனை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

ஊறுகாய் தீர்ந்து பத்து நாளாயிற்று. செப்டம்பரில் ஊருக்கு வருகிறேன். அந்த வரைபட நோட்டு உன் அம்மாவின் பெட்டியில் இருந்தால் எடுத்து வை. கோடாலி சாரிடம் கொண்டுபோய் மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்வோம். கேட்பது நீ, நான் வாசலில் நிற்கிறேன்.

உன்,
ரவி