ஆண்டறிக்கை 2024–2025: சர் எவர்ட்டன் வீக்ஸ் நூற்றாண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பிற்குரிய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேற்கிந்தியத் தீவுகளின் பேட்ஸ்மேன் சர் எவர்ட்டன் வீக்ஸ் பிறந்து 2025 பிப்ரவரி 26ஆம் தேதியுடன் நூறு ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு, இவ்வாண்டின் மாதாந்திரக் கூட்டங்கள் அனைத்தையும் அவருடைய ஆட்டத்துக்கே ஒதுக்குவது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்திருந்தது. சென்னையில் உள்ள ஒரு ரசிகர் சங்கம் பார்படாஸ்காரர் ஒருவருக்காக ஓராண்டையே செலவிட வேண்டுமா என்று அப்போது சில உறுப்பினர்கள் கேட்டனர். அடுத்தடுத்து ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸ்களில் ஐந்து சதம் என்ற, இன்றுவரை வேறு எவரும் எட்டாத சாதனை அவருடையது. ஆறாவது சதத்துக்குப் பத்து ரன்கள் இருக்கையில் அந்த வரிசை அறுபட்டது நமது சேப்பாக்கத்தில். தீர்மானத்தைச் செயற்படுத்த இந்த ஒரு காரணமே போதும் என்று செயற்குழு கருதியது.

தொடக்கக் கூட்டங்கள் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றி அமைந்தன. பார்படாஸின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில் கென்சிங்டன் ஓவல் மைதானத்துக்கு மிக அருகில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் வீக்ஸ். தந்தை பிழைப்புக்காக டிரினிடாட் எண்ணெய் வயல்களுக்குப் போய்விட, பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அந்த மைதானத்தைத் தன்னுடையதாகக் கொண்டிருந்த பிக்விக் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்பதால், வீட்டருகே இருந்த மைதானத்துக்குள் அந்தச் சிறுவன் ஆடுகளப் பணியாளர்களுக்கு உதவியாளாகவே நுழைந்தான். எளிய மக்களுக்கான பார்படாஸ் கிரிக்கெட் லீக்கில் ஆடத் தொடங்கி, 1943இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான், காரிசன் அணியின் வழியாக அவருக்கு மேல்நிலை ஆட்டங்களில் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் பெற்ற சர் பட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பின்னணியையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1948இல் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் மூன்று டெஸ்டுகளில் ஓர் அரைசதம்கூட அடிக்காத அவர், நான்காவது டெஸ்டுக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். மூத்த பேட்ஸ்மேன் ஜார்ஜ் ஹெட்லி காயத்தால் விலகியதால் மீண்டும் அழைக்கப்பட்டு, ஆட்டம் தொடங்கிய பிறகே ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். உள்ளூர் வீரரான ஹோல்ட்டை எதிர்பார்த்திருந்த ஜமைக்கா ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு எதிர்த்தனர். ரன் எடுக்கும் முன்பே கொடுத்த கேட்ச் தவறவிடப்பட, அதன்பின் 141 ரன்கள் எடுத்தார். அவருடைய பதினைந்து டெஸ்ட் சதங்களில் இதுவே மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன்; அன்று அந்தக் கேட்ச் பிடிபட்டிருந்தால் அவர் இந்தியாவுக்கே வந்திருப்பாரா என்பது சந்தேகம்.

அவ்வாண்டின் இறுதியில் ஜான் கோடார்ட் தலைமையில் வந்த அணியில் வீக்ஸ் டெல்லியில் 128, பம்பாயில் 194, கல்கத்தாவில் 162, 101 என்று அடித்தார். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஃபிங்கிள்டனும் தென்னாப்பிரிக்காவின் ஆலன் மெல்வில்லும் தொடர்ச்சியாக நான்கு சதங்களோடு நின்றிருக்க, கல்கத்தாவின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் அவர்களைக் கடந்தார். 1949 ஜனவரி 27ஆம் தேதி தொடங்கிய சென்னை டெஸ்டில் 90 ரன்களில் ரன் அவுட் ஆனார். அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற பேச்சு அன்று எழுந்தது இன்றும் ஓயவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிய கூட்டமே இவ்வாண்டில் மிக அதிகமானோர் கலந்துகொண்ட கூட்டம் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். பள்ளி மாணவராக அந்த டெஸ்டைப் பார்த்த நமது மூத்த உறுப்பினர் ஒருவர், அன்று தாம் கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிய ஸ்கோரைக் கொண்டுவந்திருந்தார். மேற்கிந்திய அணியின் ஸ்டோல்மேயர் 160, ரே 109, மொத்தம் 582, நமது பந்துவீச்சாளர் பட்கருக்கு 7 விக்கெட் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. வீக்ஸின் பெயருக்கு நேரே 90 என்ற எண்ணின் கீழ் இரண்டு முறை அழுத்திக் கோடிட்டதில் தாள் சற்றே கிழிந்திருக்கிறது. நமது அணி இன்னிங்ஸ் தோல்வி அடைந்த ஆட்டம் அது. தொடரின் முடிவை நிர்ணயித்ததும் அதுவே. ஆயினும், எதிரணிக்காரர் ஒருவர் சதம் தவறியதற்காக ஒரு சென்னைப் பையன் அவ்வளவு வருந்தியிருக்கிறான். அந்த நோட்டை அவர் சங்க நூலகத்துக்கே வழங்கிவிட்டார் என்பதை நன்றியுடன் தெரிவிக்கிறேன்.

அத்தொடரில் ஏழு இன்னிங்ஸ்களில் 779 ரன்கள் எடுத்த வீக்ஸ், தன் பன்னிரண்டாவது டெஸ்ட் இன்னிங்ஸிலேயே ஆயிரம் ரன்களைக் கடந்து, இங்கிலாந்தின் ஹெர்பர்ட் சட்கிளிஃபின் சாதனையைச் சமன் செய்தார். மொத்தம் 48 டெஸ்டுகளில் 4,455 ரன்கள், சராசரி 58.61. பந்தைத் தரையோடு அடிப்பதையே வழக்கமாகக் கொண்டு, கட் ஷாட்டிலும் ஹுக் ஷாட்டிலும் ரன் குவித்தவர் அவர் என்பதை நமது பயிற்சி முகாமின் இளையோருக்கு எடுத்துச் சொன்னோம். உயரே தூக்கி அடிக்காமலும் விரைவாக ரன் எடுக்கலாம் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

1950ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணம், 1956இல் நியூசிலாந்தில் அடித்த மூன்று தொடர் சதங்கள் ஆகியவை குறித்தும் கூட்டங்கள் நடைபெற்றன. இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில் பேக்கப் ஊருக்காக அவர் ஆடிய ஏழு பருவங்களைப் பற்றி நடந்த உரையில், குளிர் தாங்காமல் எங்கு போனாலும் ராணுவ மேலங்கியோடே திரிந்த அவரை அந்த ஆலைநகர மக்கள் தங்களில் ஒருவராகவே கொண்டாடிய செய்தி பலரையும் நெகிழச் செய்தது. 1957 லார்ட்ஸ் டெஸ்டில், முறிந்த விரலோடு தோற்கும் அணிக்காக அவர் எடுத்த 90 ரன்களைச் சேப்பாக்கத்து 90 ரன்களோடு ஒப்பிட்டு இளைய உறுப்பினர் ஒருவர் வாசித்த கட்டுரை, இவ்வாண்டின் சிறந்த கட்டுரையாகத் தேர்வு செய்யப்பட்டது. தொடைக் காயம் தொடர்ந்து வருத்தியதால் 1958இல், முப்பத்து மூன்று வயதிலேயே, அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார்.

அவரும், அவருடன் மேற்கிந்திய அணியில் ஆடிய பேட்ஸ்மேன்களான ஃபிராங்க் வொரல், கிளைட் வால்காட் ஆகியோரும் பதினெட்டு மாத இடைவெளிக்குள், கென்சிங்டன் ஓவலைச் சுற்றியே பிறந்தவர்கள். பார்படாஸின் கேவ் ஹில் பல்கலைக்கழக வளாகத்தில் மூவர் பெயரிலும் ஒரு மைதானம் உள்ளது. ஒருகாலத்தில் அவர்களை உறுப்பினராக ஏற்காத பிக்விக் சங்கத்தின் மைதானமாக இருந்த கென்சிங்டனிலும் மூவர் பெயர் தாங்கிய பார்வையாளர் மாடம் எழுந்திருக்கிறது. வீக்ஸ் 2020 ஜூலை 1 அன்று, 95ஆம் வயதில், மூவரில் கடைசியாக மறைந்தார். லாராவையும் ரிச்சர்ட்ஸையும் நன்கறிந்த நமது இளைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் இவ்வாண்டுக்கு முன் இவர் பெயரைக் கேட்டதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. அக்குறை ஓரளவு நீங்கியிருக்கிறது என்று நம்புகிறேன்.

மேற்சொன்ன ஸ்கோர் நோட்டை மின்பிரதி எடுத்துப் பாதுகாக்கவும், சிறந்த இளைய பேட்ஸ்மேனுக்கான சங்கத்தின் ஆண்டுப் பரிசுக்கு எவர்ட்டன் வீக்ஸ் பெயரைச் சூட்டவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரு தீர்மானங்களையும், பொருளாளரின் வரவு செலவு அறிக்கையுடன் இவ்வறிக்கையையும், பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்