கிணற்று மோட்டாரைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தை மாதம் குடும்பத்தோடு வந்துவிடுகிறோம்.

இங்கே விசேஷம் என்றால், சித்திரையில் நம் கிணற்று மோட்டார் எரிந்துபோனதுதான். மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருக்கிற 5 எச்.பி. மோனோபிளாக், நீயும் நானும் சேர்ந்து இறக்கியது. ராத்திரி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூன்று பேஸ் கம்பியில் ஒரு பேஸில் கரண்ட் நின்று போயிருக்கிறது. மீதி இரண்டு கம்பியிலும் கரண்ட் ஏறத்தாழ 1.7 மடங்கு ஏறிவிடும். கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ரிலே ட்ரிப் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று நான்தான் அதன் ஆம்பியர் அளவைக் கடைசி வரை கூட்டித் திருகி வைத்திருந்தேன். விடியக்காலையில் கதவைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடை.

காயில் கட்டுகிற அண்ணன் கழற்றிக் காட்டினார். ஒரு பேஸின் காயில் மட்டும் கரிக்கட்டை. பக்கத்திலேயே மற்ற இரண்டும் செம்பு நிறம் மாறாமல் பளபளவென்று இருந்தன. ஓவர்லோடில் எரிந்தால் சுற்று முழுக்கக் கருகியிருக்கும் என்றார். ரிலே ஏன் அடிக்கடி விழுந்தது என்பதும் அங்கேதான் புரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியக் கூடாது என்று, பம்பு ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு வைத்து அடைக்கிற கிளாண்டை இறுக்கியிருந்தேன். கயிறு ஷாஃப்டைப் பிடித்து மோட்டாருக்குப் பாரம் ஏற்றி, வரிவரியாகத் தேய்த்திருந்தது. கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால்தான் கயிறு சூடாகாது. விசிறி மூடிக்குள் குளவிக்கூடு வேறு. காற்றே போகவில்லை.

காயில் கட்டி முடிந்ததும் கரண்ட் கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினோம். ரிலேயை மோட்டார் பிளேட்டில் போட்டிருக்கிற 7.5 ஆம்பியருக்கே வைத்தாயிற்று. ஒரு பேஸ் போனால் நிறுத்திவிடும் பிரிவென்டரும் போட்டுவிட்டேன். பேரிங்குக்கு கிரீஸ் அடைத்து வைக்கிற பழக்கத்தையும் விட்டேன். உள்ளே இருக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், நிறைய வைத்தால் அதுவே சூடு. இப்போதெல்லாம் காலையில் ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கிறேன். நல்ல பேரிங் ஒரே சீராக இரையும். மணல் அரைபடுவது மாதிரி கேட்டால் உடனே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சுற்றுகிற ரோட்டர், காயில் இருக்கிற ஸ்டேட்டரில் உரசி மறுபடி காயில் போகும்.

உன் தோட்டத்து ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் இருக்கிறதா? கல்யாண வேலை தொடங்குவதற்கு முன்னால் மாட்டிவிடு. ஊருக்கு வரும்போது ஒருநாள் முன்னதாகவே கிளம்பி வருகிறேன், உன் மோட்டாரையும் காது வைத்துக் கேட்டுவிடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்