ஹாங்காங் என்றால் அடிதடி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஹாங்காங் சினிமா கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். புரூஸ் லீ இருந்தார், இயக்குநர் ஜான் வூ இருந்தார், சரி. ஆனால் பாட்டு எங்கே போனது? 1950களில் அங்கே பேசும் சீன மொழியான காண்டனீஸில் பாடி நடித்த காதல் படங்கள் ஏராளமாக வந்தன, அவற்றுக்கு ஒரு வரிகூட இல்லையே என்று மனசு கஷ்டப்பட்டது.

ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். 1959இல் ட்ஸோ கீ இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம், பேரரசர் மகளின் சோகக் கதை. டோங் டிக்-சாங் எழுதி 1957இல் மேடையேறிய காண்டனீஸ் இசை நாடகம்தான் மூலம். சீனாவை ஆண்ட மிங் வம்சம் கவிழும் 1644ஆம் வருஷம். எதிரி கையில் சிக்கக்கூடாதென்று பெற்ற மகளையே வெட்டப் போகிறார் பேரரசர். உயிர் தப்பிய இளவரசி பிக்குணியாக ஒளிந்து வாழ, அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கிறான். அப்புறம் இருவரும் நாட்டைப் பிடித்த புதிய மஞ்சு இன அரசனிடம் பணிவதுபோலப் போய், அப்பாவுக்கு முறையான அடக்கமும் தம்பிக்கு விடுதலையும் வாங்கிவிட்டு, கல்யாண ராத்திரியிலேயே விஷம் குடிக்கிறார்கள்.

அந்தக் கடைசிப் பாட்டை ஒரு முறை கேளுங்கள். பீப்பா என்ற சீனத் தந்தி வாத்தியத்துக்கான பழைய மெட்டு ஒன்றில் அமைந்தது. மணக்கோலத்தில் நிற்கும் அவள் அவனைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள், கண்ணில் நீர் தெரிகிறது, ஐயோ இவனுக்குச் சாக மனசில்லையோ என்று பயப்படுகிறாள். அவனோ ஒரே குழியில் புதைத்தால் போதும் என்று பாடுகிறான். எனக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும்.

இதில் மாப்பிள்ளையாக வருபவர் ஒரு பெண், யாம் கிம்-ஃபாய். நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டார்கள் அல்லவா, இது அதற்குத் தலைகீழ். ஆண் வேடத்திலேயே புகழ் பெற்ற அவரை 'நாடகப் பிரியர்களின் காதலன்' என்றே ரசிகர்கள் கொண்டாடினார்கள். இளவரசி பாக் சுட்-சின். இந்த ஜோடிக்காகவே நாடகம் எழுதிய டோங், அதே 1959 செப்டம்பரில் தன் புது நாடகத்தின் முதல் நாள் அரங்கிலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார், வயது 42தான்.

இதெல்லாம் உங்கள் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத விஷயமும் இல்லை. புரூஸ் லீயின் அப்பா லீ ஹோய்-சுவென் காண்டனீஸ் இசை நாடக நடிகர், நாடகக் குழுவோடு அமெரிக்கா போயிருந்தபோதுதான் 1940இல் சான் பிரான்சிஸ்கோவில் புரூஸ் பிறந்தார். துப்பாக்கிச் சண்டைக்கு நீங்கள் புகழ்ந்த ஜான் வூவும் 1970களின் நடுவில் இதே இளவரசி கதையை, யாம்–பாக் ஜோடியின் சிஷ்யைகளை வைத்து, மறுபடி படமாக எடுத்தார். இவ்வளவு நெருக்கமான தொடர்பு இருக்கும்போது எப்படி விட்டுப்போகும்?

1960களில் இன்னொரு சீன மொழியான மாண்டரினில் வந்த கலர் படங்கள் முந்திக்கொண்டன, 1970களின் தொடக்கத்தில் காண்டனீஸ் படம் எடுப்பதே ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு திரும்பி வந்தது, அது வேறு கதை. அடுத்த முறை ஹாங்காங் பற்றி எழுதும்போது யாம் கிம்-ஃபாயின் படத்தோடு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்