தொப்பியோடு வந்த மகனுக்கு

தலவாக்கலை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை.

தீபாவளியன்று விடியற்காலையில் அம்மா உன்னை மணையில் உட்கார வைத்து நல்லெண்ணெய் வைத்தாள். நெற்றி மூலைக்குக் கை போனதும் அவள் விரல் நின்றது. நீ சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாய். அன்று முழுக்கத் தொப்பி போடாமல் உன்னைப் பார்க்கவில்லை. கோயிலில் பூசாரி திருநீறு பூசக் கை நீட்டியபோதும் தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாயே தவிர எடுக்கவில்லை. இரவில், "உங்க தலைதாம்பா எனக்கும் வந்திருச்சு" என்றாய். 30 வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவன், முடி ஏன் கொட்டுகிறது, வழுக்கை ஏன் விழுகிறது என்பதைச் சொந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தராமல் விட்டுவிட்டேன்.

உனக்கு இரண்டு விசயம் சேர்ந்து நடக்கிறது என்று நினைக்கிறேன். ஆடி மாதம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய் அல்லவா? கடும் காய்ச்சல் வந்தால் வளர்கிற முடியில் ஒரு பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். குளிக்கும்போது கை நிறைய வருகிறது என்றாயே, அது இதுவாகத்தான் இருக்கும். தேயிலைச் செடியை ஒட்ட நறுக்கிக் கவ்வாத்து வெட்டிய மலை பார்க்க எப்படிக் கிடக்கும்? வேர் நன்றாக இருப்பதால் துளிர்க்கிறது. அதைப் போல இதுவும் சில மாதத்தில் திரும்பி வரும், பயப்படாதே.

நெற்றியின் இரு மூலையும் ஏறுவது வேறு. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் டிஹெச்டி என்ற இன்னொன்றாக மாறும். சிலருடைய நெற்றி வேரும் உச்சி வேரும் பிறவியிலேயே அதைத் தாங்காதவை. முடி விழுந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் வேர் சுருங்கி, முடி முன்னதைவிட மெல்லிசாகவும் குட்டையாகவும் வரும். கடைசியில் பூனைமயிர்தான் மிஞ்சும். பின்னந்தலைக்கு இந்தத் தொல்லை குறைவு. வயதுக்கு வருமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942ல் ஹாமில்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். ஆகவே ஹெல்மெட்டையோ கொழும்புத் தண்ணியையோ குறை சொல்லாதே.

என் தலை மட்டும் என்றும் சொல்லாதே. இதில் பெரிய பங்குள்ள ஒரு மரபணு, தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவின் அப்பா, கங்காணித் தாத்தாவை, நீ படத்தில் தலைப்பாகையோடுதான் பார்த்திருக்கிறாய். மருமகனாக வந்து 10 வருசம் நானும் அப்படித்தான் பார்த்தேன். அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது தலைப்பாகையை அவிழ்த்தவன் நான். காதுக்கு மேலே ஒரு வரி நரைமுடி, மற்றதெல்லாம் வெறுமை. நெற்றியைச் சுற்றித் துணி இறுக்கிய அச்சு. பெற்ற மகளுக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். கோயிலில் உன் தொப்பியைப் பார்த்தபோது அந்த அச்சுத்தான் என் கண்ணில் வந்தது, ராசா.

உன் பையில் 6,500 ரூபா எண்ணெய்ப் போத்தலைக் கண்டேன். சுருங்கிய வேரை எந்த எண்ணெயும் திருப்பாது. மொட்டை அடித்தாலும் அடர்த்தி கூடாது, வெளியே தெரிகிற முடிக்கு உயிர் இல்லை. வைத்தியம் செய்ய விரும்பினால் தோல் டொக்டரிடம் போ, இப்போதே போ. போன முடியை மீட்பதைவிட இருக்கிறதைக் காப்பது சுலபம். மினொக்சிடில் என்பது தலையில் பூசும் மருந்து. முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை அது, குடித்தவர்களுக்கு முடி வளரவே இதற்குத் திருப்பினார்கள். தொடக்கத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பதறி நிறுத்தாதே. பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், பூசுவதை விட்டால் வந்த முடியும் போய்விடும். பினாஸ்டரைட் மாத்திரை டிஹெச்டியைக் குறைக்கும். அமெரிக்காவில் 1997ல் வழுக்கைக்கு அனுமதித்தார்கள். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையும், மனம் சோரும், அதனால் டொக்டரைக் கேட்காமல் பாமசியில் வாங்கவே கூடாது. வட்டமாகத் திட்டுத் திட்டாக விழுந்தால் அது புழுவெட்டு, வேறு வியாதி.

ஒன்றும் செய்யாமல் விட்டாலும் எனக்கு முழுச் சம்மதம். பெண் வீட்டுக்காரர் கேட்ட படத்தைத் தொப்பி இல்லாமல் எடுத்து அனுப்பு. அம்மா வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா